இறக்குமதி வரி உயர்ந்தால் எங்கள் ஷிப்ட் கூடுமா, தம்பியின் பட்டறை மூடுமா?

கேள்வி: சிறிய மின்மோட்டார்கள் செய்யும் ஆலையில் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு மோட்டார்களுக்கு இறக்குமதி வரியை உயர்த்தப் போகிறார்கள் என்று செய்தி வந்ததிலிருந்து ஆலையில் ஒரே உற்சாகம். மூன்றாவது ஷிப்ட் வரும், தற்காலிக ஆட்களை நிரந்தரமாக்குவார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். என் தம்பி மோட்டாரை வெளியில் வாங்கி, பம்புடன் சேர்த்துப் பூட்டி விற்கும் பட்டறை வைத்திருக்கிறான். "உங்க ஆலை பிழைக்க என் பட்டறை சாகணுமா?" என்று கேட்டான். "வரியைக் கட்டப்போறது வெளிநாட்டுக்காரன், உனக்கென்ன நஷ்டம்?" என்று நான் சொல்லப்போக, இப்போது இரண்டு பேருக்கும் பேச்சே இல்லை. யார் சொல்வது சரி? இந்த வரியை நம்பி வீட்டுக் கடன் வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் தம்பியிடம் சொன்னதில் ஒன்றை முதலில் திருத்திக்கொள்ளுங்கள். இறக்குமதி வரியை வெளிநாட்டுக்காரர் கட்டுவதில்லை. சரக்கு துறைமுகத்துக்கு வந்ததும், அதை வரவழைத்த உள்நாட்டு இறக்குமதியாளர்தான் சுங்கத்தில் பணம் கட்டி எடுக்கிறார். வெளிநாட்டு ஆலை தன் விலையைக் குறைத்துக்கொண்டால் மட்டுமே சுமையில் ஒரு பங்கு அங்கே போகும். வாங்கும் நாடு மிகப் பெரிய சந்தையாக இருந்து, அதை இழக்க முடியாத நிலையில் விற்பவர் இருந்தால் அப்படி நடக்கலாம். 2018-இல் அமெரிக்கா அடுத்தடுத்து வரிகளை உயர்த்தியபோது இதை நேரடியாகச் சோதித்துப் பார்க்க முடிந்தது. உலகின் மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று அது. அப்படியிருந்தும், அந்த ஆண்டு வரிகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் பலரும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தார்கள்: வெளிநாட்டு விலை ஏறக்குறைய இறங்கவே இல்லை, வரி கிட்டத்தட்ட முழுவதும் அமெரிக்க இறக்குமதியாளர்கள் தலையில்தான் விழுந்தது. எஃகு ஒரு விதிவிலக்கு. அதில் ஓராண்டு கழித்து வெளிநாட்டு ஆலைகள் கொஞ்சம் விலையைக் குறைத்தன. உங்கள் நாடு அந்த அளவு பெரிய சந்தையாக இல்லாவிட்டால், விலைக் குறைப்பை எதிர்பார்க்க இன்னும் குறைவான காரணமே இருக்கிறது.

ஆனால் உங்கள் தம்பியின் பயம் வெளிநாட்டு மோட்டாரோடு நிற்பதில்லை. அவர் இன்று உள்நாட்டு மோட்டாரை மட்டுமே வாங்குகிறவராக இருந்தாலும் அவருக்கு விலை ஏறும். இதுவரை உங்கள் முதலாளி விலையை ஏற்றாமல் இருந்தது, ஏற்றினால் வாடிக்கையாளர் வெளிநாட்டு மோட்டாருக்குப் போய்விடுவார் என்பதால். அந்த மோட்டார் பத்து சதவீதம் விலை கூடிவிட்டால், இவருக்கும் பத்து சதவீதம் வரை இடம் கிடைக்கிறது. அந்த இடத்தை எந்தத் தொழிலதிபரும் வெகுநாள் காலியாக விடுவதில்லை. இதில் பேராசை என்று சொல்ல ஒன்றுமில்லை. உள்நாட்டு விலையை உயர்த்தி, அதன் மூலம் உள்நாட்டு உற்பத்தியைத் தாங்குவதற்காகத்தான் இந்த வரியே போடப்படுகிறது. விலையே ஏறாத பாதுகாப்பு வரி என்று யாராவது சொன்னால், அந்த வரி எப்படி ஆலையைப் பாதுகாக்கும் என்று அவரையே கேளுங்கள்.

இதற்கு நன்றாக ஆராயப்பட்ட ஓர் உதாரணம் உண்டு. 2018 ஜனவரியில் அமெரிக்கா இறக்குமதி வாஷிங் மெஷின்களுக்கு வரி போட்டது. ஆண்டுக்கு முதல் 12 லட்சம் மெஷின்களுக்கு 20 சதவீதம், அதற்கு மேல் வருபவற்றுக்கு 50 சதவீதம். கடையில் விலை சராசரியாக 12 சதவீதம் அளவுக்கு ஏறியது, அதாவது ஒரு மெஷினுக்குச் சுமார் 86 டாலர். உள்நாட்டு பிராண்டுகளும் சேர்ந்தே ஏறின. இதில் என்னை யோசிக்க வைத்தது துணி உலர்த்தும் மெஷின். அதற்கு வரியே கிடையாது, ஆனாலும் ஏறக்குறைய அதே அளவு விலை கூடியது. அங்கே பலர் இரண்டையும் ஜோடியாக வாங்குவார்கள். அதனால் நிறுவனங்கள் விலையேற்றத்தை இரண்டிலும் பிரித்து வைத்துவிட்டன. வரிப் பட்டியலைப் பார்த்து விலையேற்றத்தைக் கணக்கிடுகிறவர்கள் இந்த மாதிரி இடங்களைத் தவறவிடுகிறார்கள்.

வேலைகள் வந்தனவா என்றால், வந்தன. சாம்சங் தென் கரோலினாவிலும் எல்ஜி டென்னசியிலும் ஆலை தொடங்கின, வேர்ல்பூல் ஓஹாயோவில் ஆட்களைச் சேர்த்தது. மொத்தம் சுமார் 1,800 புதிய வேலைகள் என்று ஆய்வு கணக்கிட்டது. அந்த வேலைகளில் சேர்ந்தவர்களுக்கு அது வாழ்க்கை, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் வாங்குகிறவர்கள் ஆண்டுக்குக் கூடுதலாகக் கொடுத்தது சுமார் 150 கோடி டாலர். அரசுக்கு வரியாக வந்ததோ சுமார் 8 கோடி டாலர்தான். வந்த வரியைக் கழித்து வகுத்தால், ஒரு வேலைக்குச் சுமார் 8 லட்சம் டாலர் விழுகிறது. அந்தத் தொழிலாளியின் சம்பளம் இதில் சிறு துண்டுதான். மீதி விலை வழியாக நிறுவனங்களின் கணக்குக்குப் போனது.

இனி உங்கள் ஆலையின் விஷயம். கொள்முதல் பிரிவில் இருக்கிறீர்கள் என்பதால் ஒரு கணக்கைச் சொல்கிறேன், இதை ஆலையில் மற்றவர்களைவிட நீங்கள்தான் நன்றாகப் போட முடியும்.

ஒரு மோட்டாரின் விற்பனை விலை 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சிலிக்கான் எஃகுத் தகடு, தாமிரக் கம்பி, பேரிங், காந்தம் என்று வாங்கும் பொருள்களுக்கு 600 போகிறது. மிச்சம் 400. உங்கள் சம்பளம், கரண்ட், வட்டி, லாபம் எல்லாம் இந்த 400-க்குள்தான். மோட்டாருக்கு மட்டும் பத்து சதவீதம் வரி வந்து, ஆலை முழுதாக விலையை ஏற்ற முடிந்தால், 1,100-க்கு விற்கலாம். மிச்சம் 500. காகிதத்தில் பத்து சதவீத வரி, ஆனால் ஆலையின் கையில் நிற்கும் தொகை 25 சதவீதம் கூடுகிறது. உங்கள் ஆலையில் இப்போது இருக்கும் உற்சாகம் இந்தக் கணக்கின் உற்சாகம்.

அதே அறிவிப்பில் தகடு, தாமிரம், பேரிங், காந்தம் எல்லாவற்றுக்கும் 25 சதவீதம் வரி இருந்தால் என்ன ஆகும்? வாங்கும் பொருள் 600-லிருந்து 750 ஆகும். நீங்கள் உள்நாட்டுத் தகடுதான் வாங்குகிறீர்கள் என்றாலும் இதே கதைதான், காரணம் மேலே சொன்னது: தகட்டு ஆலையும் தனக்குக் கிடைத்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளும். 1,100-இல் 750 போனால் மிச்சம் 350. வரி போடுவதற்கு முன்பு 400 இருந்தது. மோட்டார் தொழிலைக் காப்பாற்ற வந்ததாகச் சொல்லப்படும் அறிவிப்பு, மோட்டார் தொழிலிலிருந்து 50-ஐ எடுத்துக்கொண்டு போய்விட்டது. மூன்றாவது ஷிப்டை விடுங்கள், இரண்டாவது ஷிப்டுக்கே கேள்வி வரும்.

ஆகவே மோட்டாருக்கு எத்தனை சதவீதம் என்பதோடு நிற்காதீர்கள். தகட்டுக்கும் கம்பிக்கும் பேரிங்குக்கும் எத்தனை என்று பாருங்கள். ஒரு வரி உங்களுக்கு நல்லதா கெட்டதா என்பது, அந்தப் பொருளைச் செய்கிற இடத்தில் நிற்கிறீர்களா, வாங்கி உபயோகிக்கிற இடத்தில் நிற்கிறீர்களா என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான ஆலைகள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் நிற்கின்றன. மோட்டார் விஷயத்தில் நீங்கள் செய்பவர், தகட்டு விஷயத்தில் உங்கள் தம்பியைப் போல வாங்குபவர். அவருடைய கோபம் புரியவில்லை என்றால், தகட்டு விலை ஏறிய மாதத்தில் உங்கள் அலுவலகத்தில் என்ன பேச்சு நடந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

இது வெறும் காகிதக் கணக்கல்ல. 2018 மார்ச்சில் அமெரிக்கா எஃகுக்கு 25 சதவீதம், அலுமினியத்துக்கு 10 சதவீதம் வரி போட்டது. எஃகு உருக்கும் ஆலைகளில் இருக்கும் வேலைகளைவிட, எஃகை வாங்கிப் பொருள் செய்யும் ஆலைகளில் இருக்கும் வேலைகள் பல பத்து மடங்கு அதிகம். அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2018 வரிகள் அனைத்தையும் சேர்த்து 2019-இல் ஆராய்ந்தார்கள். பாதுகாப்பால் சில துறைகளில் வேலை சிறிது கூடியிருந்தது. மூலப்பொருள் விலையேற்றமும் பிற நாடுகளின் பதிலடி வரியும் அதைவிட அதிக வேலைகளைத் தின்றிருந்தன. நிகரமாக உற்பத்தித் துறை வேலை குறைந்திருந்தது.

பதிலடி என்று சொன்னேன். உங்கள் ஆலை மோட்டார்களை ஏற்றுமதியும் செய்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. செய்கிறது என்றால் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2018 ஜூலையில் சீனா அமெரிக்க சோயாபீன்ஸுக்கு 25 சதவீதப் பதிலடி வரி போட்டது. அமெரிக்கா போட்ட வரிகளோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத விவசாயிகள் தங்கள் பெரிய சந்தையை இழந்தார்கள். அவர்களைத் தாங்க அமெரிக்க அரசு அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் சேர்த்து 2,800 கோடி டாலர் உதவி அறிவிக்க வேண்டியிருந்தது. பதிலடி பெரும்பாலும் இப்படித்தான் குறிவைக்கப்படும்: வரி போட்ட துறையை விட்டுவிட்டு, அரசியலில் எங்கே வலிக்குமோ அங்கே.

வரி எல்லா நாட்டு மோட்டாருக்கும் பொருந்துமா, ஒரு நாட்டுக்கு மட்டுமா என்பதும் உங்கள் ஷிப்டைத் தீர்மானிக்கும். 2009 செப்டம்பரில் அமெரிக்கா சீன டயர்களுக்கு மட்டும் மூன்றாண்டு வரி போட்டது: முதல் ஆண்டு 35 சதவீதம், பிறகு 30, பிறகு 25. சீன டயர் வரவு சரிந்தது. அந்த இடத்தில் தாய்லாந்து, இந்தோனேசியா, தென் கொரியா, மெக்சிகோ டயர்கள் வந்து உட்கார்ந்தன, கொஞ்சம் கூடுதல் விலையில். காப்பாற்றப்பட்ட வேலைகள் அதிகபட்சம் 1,200 என்றும், 2011-இல் மட்டும் வாங்குபவர்களுக்கு 110 கோடி டாலர் கூடுதல் செலவு என்றும் வாஷிங்டனில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. ஒரு வாசலை மட்டும் அடைத்தால் சரக்கு அடுத்த வாசலில் வரும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, நான் எல்லா வரிக்கும் எதிரானவன் என்று நினைத்துவிடாதீர்கள். மலிவு இறக்குமதியால் ஆலை மூடினால் தொழிலாளி வேறு நல்ல வேலைக்குப் போய்விடுவார் என்று என் துறையான பொருளாதாரத்தில் நெடுங்காலம் எளிதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சீன இறக்குமதி திடீரென்று பெருகிய காலத்து அமெரிக்கத் தொழில் நகரங்களைப் பற்றி 2013-இல் வந்த ஆய்வும், அதைத் தொடர்ந்து வந்தவையும் அந்த நம்பிக்கையை உடைத்தன. அந்த ஊர்களில் கூலி குறைந்தது, வேலையில்லாதவர் எண்ணிக்கை கூடியது, பல ஆண்டுகள் கழித்தும் மீளவில்லை. விலை குறைந்ததன் பலன் நாட்டில் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேர்ந்தது. இழப்பு சில ஊர்கள் மேல் மொத்தமாக விழுந்தது. அந்த ஊர்க்காரர்களிடம் போய் நாட்டின் சராசரி வருமானத்தைப் பற்றிப் பேச எனக்கு மனம் வராது. வெளிநாட்டு ஆலை தன் சொந்தச் சந்தையில் விற்கும் விலையைவிடக் குறைத்து இங்கே கொண்டுவந்து கொட்டி, உங்கள் ஆலையை மூட வைத்தால், அதைத் தடுக்கப் பொருள் குவிப்பு எதிர்ப்பு வரி போடுவது நியாயம்தான். உலக வர்த்தக அமைப்பின் விதிகளே அதை அனுமதிக்கின்றன.

வரியின் துணையோடு தொழில் வளர்ந்த நாடுகளும் உண்டு. தென் கொரியா தன் கார் தொழில் எழுந்து நிற்கும்வரை வெளிநாட்டுக் கார்களை ஏறக்குறைய உள்ளே விடவே இல்லை. ஹூண்டாய் தன் போனி காரை 1976-லேயே எக்குவடோருக்கு ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. அதாவது உள்ளே போட்டியிலிருந்து காப்பாற்றப்பட்ட நிறுவனம், வெளியே போய்ப் போட்டியில் நிற்க வேண்டியிருந்தது. ஏற்றுமதி இலக்கை எட்டுகிறவர்களுக்குத்தான் மலிவுக் கடன் கிடைத்தது. ஏற்றுமதிக்கான பொருளைச் செய்யத் தேவையான மூலப்பொருளை வரியில்லாமல் கொண்டுவர அனுமதியும் இருந்தது. மேலே போட்ட 1,000–600 கணக்கை அவர்கள் மறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பிரேசில் 1984-இல் சட்டம் போட்டு, சிறிய கணினிகளின் சந்தையை உள்நாட்டு நிறுவனங்களுக்கு ஒதுக்கியது. அந்த நிறுவனங்கள் உலகச் சந்தையில் போட்டியிட வேண்டிய கட்டாயம் இல்லை. அந்நாட்டின் வங்கியும் ஆலையும் அலுவலகமும் உலகம் கைவிட்ட பழைய கணினியை அதிக விலைக்கு வாங்கின. 1990களின் தொடக்கத்தில் அந்த ஒதுக்கீடு கைவிடப்பட்டது. ஆஸ்திரேலியாவில் 1980களில் காருக்கு 57.5 சதவீத வரி. சிறிய உள்நாட்டுச் சந்தையைப் பல நிறுவனங்கள் பங்கு போட்டு, சிறு எண்ணிக்கையில், அதிகச் செலவில் கார் செய்தன. வரியைப் படிப்படியாக 5 சதவீதத்துக்குக் குறைத்தபோது அந்தத் தொழிலால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 2017 அக்டோபரில் கடைசி கார் ஆலையும் மூடியது. அந்தத் தொழிலாளர்கள் திறமைக் குறைவால் தோற்கவில்லை. பாதுகாப்பு இருந்த பல பத்தாண்டுகளில் ஆலையைப் பெரிதாக்கி வெளிச் சந்தையில் நிற்க வைக்க வேண்டியவர்கள் அதைச் செய்து முடிக்கவில்லை.

உங்கள் முதலாளியிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். வரியால் வரும் கூடுதல் பணத்தில் என்ன செய்யப் போகிறார்? புது வைண்டிங் மெஷின் வருமா, மின்சாரம் குறைவாக எடுக்கும் மோட்டார் வடிவமைப்பில் இறங்குவாரா, அல்லது பழைய மோட்டாரையே கூடுதல் விலைக்கு விற்பாரா? தொழிற்சங்கம் இருந்தால் அதன் வழியாகக் கேளுங்கள். வரி வேண்டும் என்று அரசிடம் மனு கொடுக்கும்போது தொழிலாளர்களின் பெயரைச் சொல்லித்தானே கொடுக்கிறார்கள். அந்தப் பெயருக்கு உரியவர்கள் கணக்குக் கேட்பதில் தவறில்லை.

மூன்றாவது ஷிப்ட் பற்றி: ஆலையின் இரண்டு ஷிப்டும் இப்போது முழுதாக ஓடுகின்றனவா? மெஷின்கள் பாதி நேரம் சும்மா நின்றால், ஆர்டர் கூடினாலும் முதலில் அந்த நேரம்தான் நிரம்பும். அடுத்து ஓவர்டைம் வரும். புது ஆள் எடுப்பது அதற்கும் பிறகுதான். வரி எத்தனை நாள் நிற்கும் என்று தெரியாதவரை எந்த நிர்வாகமும் நிரந்தர ஆள் எடுக்கத் தயங்கும். அதோடு மோட்டார் விலை ஏறினால் மோட்டார் வாங்குபவர்கள் குறைவார்கள், உங்கள் தம்பியையும் சேர்த்து.

வீட்டுக் கடன் இப்போது வேண்டாம். அறிவிப்பு வெளிவரட்டும். வந்ததும் அது எந்த வகை வரி என்று பாருங்கள். அவசரப் பாதுகாப்பு வரி என்றால் உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி முதல் கட்டமாக நான்கு ஆண்டுகளுக்கு மேல் போட முடியாது. பொருள் குவிப்பு எதிர்ப்பு வரி என்றால் ஐந்தாண்டில் மறு ஆய்வு செய்து நீட்டித்தால் ஒழியக் காலாவதியாகும். சாதாரணச் சுங்க வரி என்றால் முடிவுத் தேதி இருக்காது, ஆனால் அரசு நினைத்தால் அடுத்த பட்ஜெட்டிலேயே மாற்றலாம். இவற்றில் எதுவும் இருபது ஆண்டு தவணையைத் தாங்காது. வரி இல்லாவிட்டாலும் கட்ட முடிகிற தவணை எவ்வளவோ, அந்த அளவு கடனை மட்டும் யோசியுங்கள். தற்காலிக ஆட்களுக்கும் இதையே சொல்லுங்கள், அவர்கள்தான் வதந்தியை நம்பி அதிகம் இழப்பவர்கள்.

உங்கள் தம்பிக்கு இருக்கும் ஆபத்து நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது. மோட்டாருக்கு மட்டும் வரி ஏறி, முழுதாகப் பூட்டிய பம்ப் செட்டுக்கு வரி ஏறாமல் இருந்தால், வெளிநாட்டு ஆலை அந்த மோட்டாரையே பம்புக்குள் வைத்து அனுப்பிவிடும். அவர் கூடுதல் விலைக்கு மோட்டார் வாங்கிப் பூட்டிய பம்ப், வரியேறாத வெளிநாட்டுப் பம்போடு மோத வேண்டும். அப்போது உங்கள் ஆலையும் தப்பாது, ஏனென்றால் மோட்டார் வாங்க உள்நாட்டில் பட்டறைகளே குறைந்துபோகும். ஆகவே அவர் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது பம்ப் செட்டின் வரி. அடுத்து, ஒப்புக்கொண்டு இன்னும் அனுப்பாத ஆர்டர்களில் மோட்டார் விலை மாறினால் தன் விலையும் மாறும் என்று ஒரு வாக்கியம் எழுதிச் சேர்க்க முடியுமா என்று வாடிக்கையாளர்களிடம் இப்போதே பேசட்டும். வரி வந்தபின் பேசினால் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

தம்பியிடம் பேச்சைத் தொடங்க ஒரு வழி இருக்கிறது. மோட்டாருக்கு வரி ஏற்றச் சொல்வதற்குப் பதிலாக, சிலிக்கான் எஃகுத் தகட்டுக்கும் தாமிரக் கம்பிக்கும் இருக்கும் வரியைக் குறைக்கச் சொல்லலாம். அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 600-க்கு வாங்கும் பொருள் 540 ஆனால், மோட்டார் விலை ஒரு காசு ஏறாமலேயே மிச்சம் 400-லிருந்து 460 ஆகிறது. உங்கள் ஆலைக்குப் பலம், அவர் பட்டறைக்குச் சுமை இல்லை. தகட்டு ஆலைகள் எதிர்க்கும், அவர்கள் பக்க நியாயத்தையும் அரசு கேட்கத்தான் வேண்டும். ஆனால் மோட்டார் செய்பவர்கள் சங்கமும் பம்ப் செய்பவர்கள் சங்கமும் சேர்ந்து கையெழுத்திடக்கூடிய மனு இது ஒன்றுதான். அதற்கு வேண்டிய கொள்முதல் விலை விவரம் உங்கள் மேஜையில் இருக்கிறது. நிர்வாகத்தின் அனுமதியோடு கடந்த சில ஆண்டுகளின் தகட்டு விலை, தாமிர விலை, மோட்டார் விற்பனை விலை மூன்றையும் ஒரே தாளில் எழுதி, மோட்டார் செய்பவர்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு முன்பாகக் கொடுங்கள். தம்பியையும் தன் கணக்கோடு வரச் சொல்லுங்கள்.